ஏணி வைக்காத ராக்கெட்

லிஃப்ட்காரர் என்றதும், உள்ளே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பொத்தான் அமுக்குகிறவர் என்று நினைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி நினைப்பவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. அவர் லிஃப்ட்டைப் பழுது பார்ப்பவர். கட்டடத்தின் உச்சியில் வெந்துகொண்டிருக்கும் மெஷின் ரூமுக்குள் குனிந்து நுழைந்து, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, இரும்பு வடத்தில் ஒரு இழையாவது பிரிந்திருக்கிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவர். இருபத்திரண்டு வருடமாக அதுதான் பிழைப்பு. அவர் சரி என்று கையெழுத்துப் போட்ட எந்த லிஃப்ட்டும் யாரையும் நடுவழியில் நிறுத்தியதில்லை. இதை அவராக வெளியே சொல்ல மாட்டார். வேறு யாராவது சொன்னால் மட்டும், காதில் விழாதவர்போல ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே, இன்னொரு தடவை சொல்ல மாட்டார்களா என்று காத்திருப்பார்.

ஒவ்வொரு லிஃப்ட்டுக்கும் ஒரு பதிவேடு உண்டு. தேதி, பார்த்த பாகம், குறை, காரணம், செய்த வேலை, கையெழுத்து என்று ஆறு கட்டங்கள். அதில் 'காரணம்' என்ற கட்டத்தை மட்டும் காலியாக விடக் கூடாது, பொய்யும் எழுதக் கூடாது என்பது வேலை பழகிய முதல் மாதத்திலேயே அவர் மண்டையில் ஏறிவிட்டது. ஒருமுறை ஒரு கதவு மூடாமல் போனதற்கு, 'காரணம்: என் கவனக்குறைவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மேலதிகாரியே, "இதையெல்லாம் எதுக்குய்யா எழுதுற?" என்று தலையில் அடித்துக்கொண்டார். நடந்ததை நடந்தபடி எழுதாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. என்ன செய்வது, சிலருக்குக் கை அப்படி.

மகள் படிப்புக்காக வெளியூர் போனபோது தன் பழைய கணினியை விட்டுவிட்டுப் போனாள். அதில் ஒரு விளையாட்டு இருந்தது. ராக்கெட்டும் விமானமும் நாமே கட்ட வேண்டும். எரிபொருள் தொட்டி, எஞ்சின், கால்கள், பாராசூட், இறக்கை, சக்கரம் எல்லாம் ஓரத்தில் அடுக்கிக் கிடக்கும். ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, எது எதற்குப் பிறகு இயங்க வேண்டும் என்று வரிசை சொல்லி, உள்ளே ஒரு ஆளை உட்கார வைத்து ஏவ வேண்டும். தப்பாகக் கட்டினால் வெடிக்கும். சரியாகக் கட்டினால் நிலாவுக்குப் போகலாம், அதைத் தாண்டிச் செந்நிறத்தில் ஒரு கிரகம் இருக்கிறது, அங்கேயும் போகலாம்.

"சின்னப் பசங்க விளையாட்டு" என்று முதலில் உதட்டைப் பிதுக்கினார் லிஃப்ட்காரர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், பொழுது போகாமல் ஒரு ராக்கெட் கட்டினார். எஞ்சின் பற்றிய அதே நொடியில் பாராசூட்டும் விரிந்தது. வரிசையில் இரண்டையும் ஒன்றாக வைத்துவிட்டார். ராக்கெட் பத்து ஆள் உயரம் எழும்பி, பாராசூட்டில் மாட்டிக்கொண்டு தலைகீழாகச் சுற்றி, தரையில் முட்டிச் சிதறியது. அவருக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. இத்தனை வருடம் வரிசை பிசகாமல் வேலை செய்த தனக்கா இந்தக் கதி! அன்று விழுந்தவர்தான், பிறகு எழுந்திருக்கவில்லை. வேலை முடிந்து வந்தால் குளியல், டீ, கணினி. விமானங்களும் கட்டினார். ஓடுபாதையில் ஓடும்போது மூக்கு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய்ப் புல்லில் புரண்டவை பதினேழு. பதினெட்டாவது பறந்தது. பாரம் முன்னாலும் இறக்கையின் தூக்கல் சற்றுப் பின்னாலும் இருக்க வேண்டும் என்று கண்டுபிடித்த அன்றைக்கு, கண்ணில் பட்ட மனைவியிடம் அதை விளக்கப் போய், "அடுப்பில பால் இருக்கு" என்ற பதிலோடு திரும்பி வந்தார்.

கம்பெனியில் மிச்சமான பதிவேடு ஒன்று வீட்டில் கிடந்தது. பறக்கவிட்ட ஒவ்வொன்றையும் அதில் எழுதினார். அதே ஆறு கட்டம், அதே கையெழுத்து.

இனி மச்சான். மனைவிக்கு அண்ணன். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்தவர். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும். அதனால் மாணவர்கள் வைத்த பெயர் விசில். பிறகு வாத்தியார் அறையிலும் அதே பெயர், சொந்தபந்தத்திலும் அதே பெயர். குரல் வெண்கலம். நாலு பேர் இருக்கும் அறையில் நாற்பது பேருக்குப் பேசுவார். கெட்ட மனிதர் இல்லை, ஆனால் சிரிக்க வைக்க ஒரு வாய்ப்புக் கிடைத்தால் விடமாட்டார். சிரிப்புக்கு ஆளாகிறவன் யார் என்று பார்க்கவும் மாட்டார்.

அவர் ஓய்வு பெற்ற நாளில் ஒரு விருந்து வைத்தார். கூடத்தில் அறுபது பேர் இருந்தார்கள். யாரோ லிஃப்ட்காரரைக் காட்டி, தங்கச்சி வீட்டுக்காரர் என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டார்கள். மச்சான் கையில் மைக் இருந்தது. அதுதான் வினை.

"எங்க மாப்ள மாதிரி உழைப்பாளி கிடையாதுங்க. காலையில மேல போவாரு, கீழ வருவாரு. மத்தியானம் மேல போவாரு, கீழ வருவாரு. இருபது வருசமாப் பயணம், இன்னும் ஒரு ஊருக்கும் போய்ச் சேரல!"

கூடமே அதிர்ந்தது. பக்கத்தில் இருந்தவர் லிஃப்ட்காரரின் முதுகில் தட்டினார். லிஃப்ட்காரரும் சிரித்தார். வேறு என்ன செய்வது? மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவளும் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பு அவருக்குள் போய்த் தைத்துக்கொண்டது.

சண்டை போடத் தெரியாத மனிதர். மறுவாரம் செந்நிறக் கிரகத்துக்கு ஒரு ராக்கெட் கட்டினார். அதுவரை அவர் கட்டியதிலேயே நல்லது அதுதான். அதில் போகும் ஆளுக்குப் பெயர் வைக்கலாம் என்று விளையாட்டு சொன்னது. 'விசில்' என்று அடித்தார். அந்தக் கிரகத்தில் இறங்கும் ஆள், தான் இறங்கிவந்த ஓடத்துக்குள் மறுபடி ஏற வேண்டுமானால் பக்கவாட்டில் ஏணி வேண்டும். வாசல் இரண்டு ஆள் உயரம், எகிறினாலும் எட்டாது. ஏணியை அவர் பொருத்தவில்லை. விசில் போய் இறங்கினார், வெளியே குதித்தார், கொடி நட்டார். அப்புறம் அங்கேயே நின்றார். அந்த விளையாட்டில் ஆட்களுக்குச் சோறு தண்ணீர் தேவையில்லை, நிற்க வைத்தால் நின்றுகொண்டே இருப்பார்கள்.

பதிவேட்டில் எழுத வேண்டுமே, எழுதினார். 'பாகம்: இறங்கு ஓடம். குறை: ஏணி பொருத்தவில்லை. காரணம்: வேண்டுமென்றே. செய்த வேலை: எதுவும் இல்லை.' கையெழுத்தும் போட்டார்.

அதன் பிறகு ஏதாவது மனக்கசப்பு என்றால், கணினியைத் திறந்து அந்தக் கிரகத்துக்குப் போய்ப் பார்ப்பார். செம்மண்ணில், ஓடத்துக்குப் பக்கத்தில், விசில் நின்றுகொண்டிருப்பார். திரையின் மூலையில் சின்னக் கட்டத்துக்குள் அவர் முகம் தெரியும். அந்த முகம் சிரித்துக்கொண்டே இருக்கும். அது ஒன்றுதான் லிஃப்ட்காரருக்கு எரிச்சல். இப்படி இரண்டு வருடம் ஓடிவிட்டது.

மச்சான் குளியலறையில் வழுக்கி விழுந்தார். தொடை எலும்பு முறிந்து, கம்பி வைத்துக் கட்டினார்கள். அவர் வீடு நாலாவது மாடியில், லிஃப்ட் கிடையாது. மனைவி போய்ச் சேர்ந்து பல வருடமாகிவிட்டது, பிள்ளைகளும் இல்லை. தங்கை வீட்டுக் கட்டடத்தில் லிஃப்ட் உண்டு. "அண்ணன் இங்கதான் இருக்கணும்" என்றாள் லிஃப்ட்காரரின் மனைவி. அதில் கேட்பதற்கு ஒன்றுமில்லை. மகளின் அறை காலியாக இருந்தது, அங்கே கட்டில் இருந்தது. கணினியும் அங்கேதான் இருந்தது.

சக்கர நாற்காலியில் வைத்து லிஃப்ட்டில் ஏற்றியபோது மச்சான் சுற்றிலும் பார்த்தார்.

"இது உங்க கையில உள்ள லிஃப்ட்டா மாப்ளே?"

"ஆமா மச்சான்."

"அப்ப பயமில்ல" என்று கண்ணை மூடிக்கொண்டார். கேலி இல்லை. லிஃப்ட்காரர் கதவின் இடுக்கையே பார்த்துக்கொண்டு வந்தார்.

படுத்த படுக்கையாகிவிட்டால் வெண்கலக் குரலும் இறங்கிவிடும்போல. முதல் வாரம் மச்சான் சத்தமே இல்லை. காலையில் குளியலறைக்குப் போக லிஃப்ட்காரரின் தோளைப் பிடித்துக்கொள்வார். தங்கையை அவர் 'பாப்பா' என்றுதான் கூப்பிடுவார், அவளிடம் கேட்கக் கூச்சம். "உங்களுக்குத் தொல்லை மாப்ளே" என்பார் ஒவ்வொரு நாளும். அத்தனை பெரிய உடம்பின் பாரம் தோளில் இறங்கும்போது லிஃப்ட்காரருக்கு என்னவோபோல் இருக்கும். கோபம் எங்கே போனது என்று தேடிப் பார்ப்பார். அகப்படாது.

ஒரு மாலை மச்சானே கேட்டார். "அந்த டப்பாவுல என்னவோ பறக்க விடுவீங்களாமே. பாப்பா சொன்னா. காட்டுங்களேன், கூரையைப் பார்த்துப் பார்த்துக் கண்ணு பூத்துப்போச்சு."

லிஃப்ட்காரர் விமானங்களைக் காட்டினார். ராக்கெட் பக்கம் போகவில்லை. மச்சானுக்குப் பிடித்துப் போய்விட்டது. ஓடுபாதையில் விமானம் ஓடினால், கட்டிலில் படுத்தபடியே, "விடாத, விடாத, தலையைத் தூக்கு!" என்று ஓட்டப் பந்தயத்துக்குக் கத்துவதுபோலக் கத்தினார். இருவரும் சேர்ந்து ஒரு விமானம் கட்டினார்கள். நாலு இறக்கை வேண்டும் என்று மச்சான் அடம்பிடித்தார். அது எழும்பி, நின்ற இடத்திலேயே குட்டிக்கரணம் போட்டு, கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் மேல் விழுந்தது. மச்சான் கண்ணில் நீர் வரச் சிரித்து, காலைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ வலிக்குது, சிரிக்க வைக்காதீங்க" என்று கெஞ்சினார். லிஃப்ட்காரரும் சிரித்தார். மைக் பிடித்து அவர் பேசிய அன்று சிரித்ததுபோல் இல்லை இது, தானாக வந்த சிரிப்பு.

மறுநாள் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போதே வெண்கலக் குரல் பழையபடி வாசல் வரை கேட்டது. மச்சான் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். லிஃப்ட்காரரைப் பார்த்ததும் வைத்துவிட்டு இரண்டு கையையும் நீட்டினார்.

"மாப்ளே! இது நானா?"

கணினி திறந்திருந்தது. பொழுது போகாமல் தானே தட்டிப் பார்த்திருக்கிறார். ஆட்களின் பட்டியல். அதில் 'விசில்' என்ற பெயர். இருக்கும் இடம்: செந்நிறக் கிரகம். போய் இரண்டு வருடம்.

லிஃப்ட்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

"ரெண்டு வருசமா நான் அங்க இருக்கேனாம்ல! ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க. எனக்குன்னு ஒரு ராக்கெட் கட்டி, எம்பேரை வச்சு, அவ்வளவு தூரம் அனுப்பியிருக்கீங்க. எனக்குப் பிள்ளை இருந்தாக்கூட இப்படிச் செஞ்சிருக்குமான்னு தெரியல மாப்ளே." அந்தப் பெரிய முகம் கோணிக்கொண்டது. துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டார்.

அந்த நிமிடம் சொல்லியிருக்கலாம். லிஃப்ட்காரர் காலில் செருப்புகூடக் கழற்றாமல் நின்றார்.

"ஆனா ஒண்ணு" என்றார் மச்சான், "ஏன் வெளியவே நிக்கிறேன்? உள்ள ஏறச் சொன்னா ஏற மாட்டேங்கிறானே."

"ஏணி... ஏணி வைக்க மறந்துட்டேன் மச்சான்."

இருபத்திரண்டு வருடத்தில் ஒரு ஆணியை மறக்காத மனிதர், மறந்துவிட்டேன் என்று சொன்னார். அந்தப் பொய் வாயிலிருந்து வந்தபோது அவருக்கே யாரோ பேசுவதுபோல் இருந்தது. மச்சானோ கையை வீசினார். "அதனால என்ன? இத்தனை வேலைக்கு நடுவுல ஒரு ஏணிதானே. மனுசனுக்கு மறதி வராதா?"

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மச்சான் ஊரைக் கூட்டிவிட்டார். படுக்கையில் இருப்பவருக்குப் போனைத் தவிர வேறு துணை ஏது? பழைய மாணவர்கள், கூட வேலை பார்த்த வாத்தியார்கள், பழைய வீட்டின் கீழ்த்தளத்துக்காரர், எல்லோருக்கும் சொன்னார். "எங்க மாப்ள என்னை எங்க அனுப்பியிருக்காரு தெரியுமா?" என்றுதான் பேச்சே ஆரம்பிக்கும். உடற்பயிற்சி சொல்லித்தர வந்த பெண், "லிஃப்ட் வேலை பாக்கிறவரு ஏணியை மறந்துட்டாரா?" என்று சிரித்தபோது, மச்சானுக்குக் கோபம் வந்துவிட்டது. "சிரிக்காதம்மா. அவரு வேலை என்னன்னு உனக்குத் தெரியுமா? அவரு கையெழுத்துப் போட்டாத்தான் நீ இந்த மாடிக்கு ஏறி வர முடியும்" என்றார். லிஃப்ட்காரர் அடுத்த அறையில் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். பொத்தான் துளைக்குள் போகவில்லை. இப்படி ஒரு வார்த்தைக்காகத்தானே இரண்டு வருடமாக உள்ளுக்குள் புகைந்துகொண்டிருந்தோம் என்று நினைத்ததும் அவமானம் தலை வரைக்கும் ஏறியது. திட்டு வாங்கியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

"என்னைக் கூட்டிட்டு வந்துருங்க மாப்ளே" என்றார் மச்சான் அன்று மாலை. விளையாட்டாகத்தான் ஆரம்பித்தார். பிறகு குரல் தணிந்தது. "அவன் அங்க நிக்கிறான், நான் இங்க படுத்திருக்கேன். அவன் வீடு வந்து சேர்ற அன்னைக்கு நானும் நடப்பேன்னு மனசுல ஒரு கணக்கு வச்சிருக்கேன். கிறுக்குத்தனம்தான். சிரிக்காதீங்க."

லிஃப்ட்காரர் சிரிக்கவில்லை. மீட்பு ராக்கெட் கட்டத் தொடங்கினார்.

இந்த முறை ஏணியைத்தான் முதலில் பொருத்தினார். ஆளில்லாமல் தானே இயங்கும் ஓடம், திரும்பி வரப் போதுமான எரிபொருள், இரட்டைப் பாராசூட். கிரகங்கள் இரண்டும் சரியான கோணத்துக்கு வரும்வரை விளையாட்டின் காலத்தை ஓட்டினார். முதலில் அனுப்பியது அங்கே போய்ச் சரிவில் இறங்கி உருண்டுவிட்டது. "பரவாயில்ல, அவன் நிப்பான். ரெண்டு வருசம் நின்னவனுக்கு ரெண்டு நாள் என்ன?" என்று மச்சான் ஆறுதல் சொன்னார். அந்த ஆறுதல் லிஃப்ட்காரரின் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்தது.

இதற்கு நடுவில் மனைவி அந்த அறையைத் துடைக்கப் போனவள், பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். லிஃப்ட்காரர் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். விரல் 'காரணம்' என்ற கட்டத்தில் இருந்தது.

"இதுக்கு என்னங்க அர்த்தம்?"

அவர் கப்பைக் கீழே வைத்தார்.

"அந்த விருந்துல அண்ணன் சொன்னதுக்காகவா?"

தலையை ஆட்டினார்.

"அன்னைக்கு நானும் சிரிச்சேன்" என்றாள். "என்னை எங்க அனுப்பி வச்சிருக்கீங்க?"

"உன்னை எங்கயும் அனுப்பல."

"ஏன்? நான் சிரிச்சது வலிக்கலையா?"

"அதுதான் ரொம்ப வலிச்சது" என்றார். திருமணமாகி இருபத்தைந்து வருடத்தில் அவளிடம் இப்படி ஒரு வார்த்தை அவர் சொன்னதில்லை. அவள் அவர் எதிரே உட்கார்ந்தாள்.

"தப்புதான். எனக்கு அப்பவே தெரியும். எல்லாரும் சிரிக்கிறாங்களேன்னு சிரிச்சுட்டேன்." பதிவேட்டை மூடினாள். "அண்ணன்கிட்ட நான் எதுவும் சொல்ல மாட்டேன். ஆனா அவர் ஊர் பூரா பெருமை பேசிட்டு இருக்கார். அதைக் கேட்டுக்கிட்டே நீங்க எத்தனை நாள் இந்த வீட்டுல நடமாடுவீங்கன்னு எனக்குத் தெரியல."

இரண்டாவது மீட்பு ஓடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இறங்கியது. நல்ல சமதரை. விசில் நிற்கும் இடத்திலிருந்து நாலு கிலோமீட்டர். அதற்கும் கிட்டத்தில் இறக்க முடியவில்லை. இனி விசில்தான் நடந்து வர வேண்டும். ஒரே ஒரு விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால் அவர் நடப்பார். அரை மணி நேரம் பிடிக்கும் என்றார் லிஃப்ட்காரர்.

"அப்ப நானும் நடக்கிறேன்" என்றார் மச்சான்.

நாலு கால் ஊன்றுகோலை இழுத்துப் போட்டுக்கொண்டு எழுந்தார். கட்டிலிலிருந்து ஜன்னல் வரை எட்டு அடி. போய்த் தொட்டுவிட்டுத் திரும்பினார். திரையில் விசில் செம்மண்ணைத் தாண்டிக்கொண்டிருந்தார். மச்சானுக்கு மூச்சு வாங்கியது, நெற்றி வியர்த்தது. "எவ்வளவு ஆச்சு?" "ரெண்டு கிலோமீட்டர் மச்சான்." "விடாத, விடாத" என்றார். அது தனக்குச் சொன்னதா திரையில் இருந்தவருக்கா என்று தெரியவில்லை. மனைவி கதவோரம் வந்து நின்றாள். விசில் ஓடத்தை நெருங்கி, ஏணியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக ஏறி உள்ளே போனார். மச்சான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு கூச்சல் போட்டார் பாருங்கள், கீழே தெருவில் போனவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள்.

மதியத்துக்குள் ஓடம் திரும்பி, கடலில் பாராசூட்டோடு இறங்கியது. விசில் வீடு வந்து சேர்ந்துவிட்டார். மச்சான் கட்டிலில் சாய்ந்து, காலை நீட்டி, நிறைந்த வயிற்றோடு இருப்பவர்போலச் சிரித்துக்கொண்டிருந்தார்.

இனி ஒன்றும் இல்லை. பதிவேட்டில் அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டால் போதும். மனைவி வாயைத் திறக்க மாட்டாள். லிஃப்ட்காரர் தப்பித்துவிட்டார். மச்சான் அந்தச் சிரிப்போடு திரும்பி, "உங்களை நான் சரியாப் புரிஞ்சுக்கவே இல்ல மாப்ளே" என்று சொல்லாமல் இருந்திருந்தால், தப்பித்தும் இருப்பார்.

"நான் மறக்கல மச்சான்" என்றார் லிஃப்ட்காரர்.

"என்னது?"

"ஏணியை. மறக்கல. வேணும்னேதான் வைக்கல. உங்களை அங்கயே விட்டுடணும்னுதான் அனுப்பினேன். விருந்துல மைக்கைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னீங்களே, மேல போவாரு கீழ வருவாருன்னு. அதுக்காக."

வெளியே யாரோ லிஃப்ட்டின் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. மச்சானின் சிரிப்பு உடனே போய்விடவில்லை. எங்கே போவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் முகத்திலேயே இருந்தது.

"நீங்களும் சிரிச்சீங்களே மாப்ளே" என்றார் கடைசியில்.

"சிரிச்சேன்."

"உங்களுக்குப் பிடிச்சிருக்குன்னு நினைச்சேன்."

லிஃப்ட்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். திட்டட்டும், வெண்கலக் குரலில் நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரித் திட்டட்டும் என்று காத்திருந்தார். மச்சான் திட்டவில்லை. படுக்கை விரிப்பின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தார்.

"எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்லிட்டேனே" என்றார் மெதுவாக. "ஒருத்தர் விடாம."

அதைக் கேட்டதும்தான் லிஃப்ட்காரருக்குத் தான் செய்தது முழுதாக உறைத்தது. தன் அவமானத்தைத் தூக்கி, ஒன்றும் தெரியாமல் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த ஒரு மனிதரின் மடியில் போட்டுவிட்டார். இரண்டு வருடம் முன்னால் இவரை அறுபது பேர் முன்னால் மச்சான் கூசச் செய்தார். இப்போது அவர் கூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், எழுந்து வெளியே போகக்கூட முடியாத கால்களோடு.

போன் அடித்தது. ஒவ்வொரு ஞாயிறும் கூப்பிடுகிற பழைய மாணவர், பேருந்து ஓட்டுபவர். மச்சான் போன் திரையைப் பார்த்தார், எடுக்கலாமா என்று யோசிப்பதுபோல. பிறகு எடுத்தார். அந்தப் பக்கத்துக் குரல் அறை முழுக்கக் கேட்டது. "சார், இன்னைக்குத்தானே? வந்துட்டீங்களா?"

மச்சான் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வந்துட்டேன்டா" என்றார். குரல் பழைய வெண்கலம்தான், ஒரு பிசிறு இல்லை. "ஆமா, மத்தியானம்தான் இறங்கினேன். மாப்ளதான் கூட்டிட்டு வந்தாரு, வேற யாரு வருவா?... ஏணியா? அட, மறந்துட்டாருடா. அதையே எத்தனை தடவை கேப்ப? வேலைக்குப் போற மனுசன், ஆயிரம் யோசனை இருக்கும்... சரி சரி, வை."

போனைத் தலையணைக்கு அடியில் வைத்தார். பிறகு குளியலறைக்குப் போக எழுந்திருக்கக் கட்டிலின் ஓரத்துக்கு நகர்ந்தார். காலையில் நடந்த நடையில் கால் வீங்கியிருந்தது. லிஃப்ட்காரர் வழக்கம்போலப் பக்கத்தில் வந்து குனிந்து தோளைக் கொடுத்தார்.

மச்சான் அந்தத் தோளைத் தொடவில்லை.

"பாப்பாவைக் கூப்பிடுங்க மாப்ளே" என்றார்.

லிஃப்ட்காரர் போய்க் கூப்பிட்டார்.